சுவருக்குள் இருக்கும் குழாய்

(வீடு வாங்கிய, வாங்கவிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக ஸ்காபரோவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சனிக்கிழமை பின்னேரம் என்றால் பிள்ளைகளை வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும், கடைக்குப் போக வேண்டும், ஒரு கொண்டாட்டமும் இருக்கும். அதற்கு நடுவில் வீட்டுத் தூசியைப் பற்றிக் கேட்க இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நன்றி.

முதலில் இதைப் பாருங்கள். என் கையில் இருப்பது இரண்டு அங்குலக் குழாயின் ஒரு வளைவு. மார்க்கம் நகரில் ஒரு வீட்டுச் சுவருக்குள்ளிருந்து போன மாதம் வெட்டி எடுத்தேன். உள்ளே தெரியட்டும் என்று நீளவாக்கில் பிளந்து கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு துண்டு சேரும் இடத்தில் பசை உள்ளே வழிந்து காய்ந்து ஒரு பல்லைப் போல நிற்கிறது. அந்தப் பல்லில் முதலில் ஒரு தலைமயிர் மாட்டியிருக்கிறது. மயிரில் ஒரு பல்குத்தும் குச்சி. குச்சியில் ஒரு குழந்தையின் காலுறை. அதற்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்குத் தூசி இறுகிப்போயிருக்கிறது. அந்த வீட்டுக்காரர் ஐந்து வருடத்தில் இரண்டு இயந்திரம் மாற்றிவிட்டார். இரண்டும் நல்ல இயந்திரங்கள். குழாயை ஒருவரும் பார்க்கவில்லை.

இந்த வேலைக்கு நான் வந்து 22 வருடமாகிறது. என்னை அழைக்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மெஷின் நல்லது?" என்பது. நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் வீட்டுக் குழாய் எப்படிப் போகிறது?" என்று. இன்றைக்கு நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் இருக்கிறது.

சென்ட்ரல் வக்யூம் என்றால் என்ன என்று பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டாரும் குப்பை சேரும் தொட்டியும் கராஜிலோ பேஸ்மென்டிலோ சுவரில் தொங்கும். அங்கிருந்து பி.வி.சி. குழாய் சுவர்களுக்குள்ளால் ஒவ்வொரு மாடிக்கும் போகும். மாடிக்கு ஒன்றோ இரண்டோ மூடியுள்ள துவாரங்கள் சுவரில் இருக்கும். கடையில் இன்லெட் என்பார்கள், நான் சுவர்வாய் என்று சொல்லப்போகிறேன். மூடியைத் தூக்கி 30 அடி ஹோஸைச் செருகினால் கீழே மோட்டார் ஓடத் தொடங்கும். தூசி முழுக்கக் குழாய் வழியாகக் கீழே போய்விடும். அறைக்குள் சத்தம் குறைவு. இயந்திரத்தைப் படியால் தூக்கிக்கொண்டு ஏறத் தேவையில்லை.

இது புதுப் பணக்காரர்களின் பொருள் என்று நம்மவர்களிடம் ஓர் எண்ணம் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. மோட்டாரில் ஓடும் வக்யூம் வெளியே இருக்கும் இயந்திரமாகத்தான் பிறந்தது. 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியியலாளர், தூசியை ஊதித் தள்ளும் ஒரு கருவியைப் பார்த்துவிட்டு, ஊதுவதற்குப் பதிலாக ஏன் உறிஞ்சக் கூடாது என்று கேட்டார். ஒரு சாப்பாட்டுக்கடை நாற்காலி மெத்தையில் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். துணியின் மறுபக்கம் கறுத்திருந்தது. பிறகு அவர் செய்த இயந்திரம் குதிரை இழுக்கும் வண்டியில் வந்தது. அது வீட்டுக்குள் போகவில்லை. தெருவில் நிற்கும், நீண்ட ஹோஸ்கள் யன்னல் வழியாக உள்ளே போகும். 1902இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டுக்கு முன்னர் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்தது அந்த இயந்திரம்தான். அதே காலத்தில் அமெரிக்காவில் டேவிட் கென்னி என்பவர் பிட்ஸ்பர்க் நகரின் ஃப்ரிக் கட்டடத்துக்கு, நிலையான ஓர் இயந்திரத்தையும் கட்டடம் முழுவதும் ஓடும் குழாய்களையும் பொருத்தினார். நம் வீட்டில் இருப்பதற்கு நேரான மூதாதை அதுதான்.

கையால் தள்ளும் மின்சார வக்யூம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் ஊரில் கட்டடம் கூட்டித் துடைக்கும் வேலை செய்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்க்லர், 1908இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கு ஆஸ்துமா. ஊரில் முட்டு என்போமே, அதுதான். கூட்டும்போது எழும் தூசி அவருடைய நெஞ்சை அடைத்தது. தன் மூச்சுக்காக ஒரு மனிதர் கண்டுபிடித்த பொருள் அது. அவருடைய காப்புரிமையைத்தான் ஹூவர் குடும்பம் வாங்கியது. அதன் பிறகு வீடுகளுக்குள் சின்ன இயந்திரங்கள் வந்தன, சுவருக்குள் குழாய் போடும் யோசனை பெரிய மாளிகைகளோடு ஒதுங்கியது. இரும்புக் குழாயின் இடத்துக்கு மலிவான பிளாஸ்டிக் குழாய் வந்த பிறகுதான் சாதாரண வீடுகளுக்கு அது திரும்பியது. வருடத்தில் ஐந்தாறு மாதம் யன்னலைத் திறக்க முடியாத கனடாவில், அது வேர்விட்டதில் வியப்பில்லை.

இந்த ஒன்ராறியோவில் நாம் வாங்கும் புது வீடுகளில் பெரும்பாலும் "ரஃப்-இன்" மட்டும் இருக்கும். குழாயும் மெல்லிய கம்பியும் சுவருக்குள் போட்டிருப்பார்கள், இயந்திரம் இருக்காது. "சென்ட்ரல் வக்யூம் இருக்குது" என்று விற்பவர் சொன்னதை நம்பி வீட்டுக்குள் போனால் பேஸ்மென்டில் ஒரு வெள்ளைக் குழாய் நுனி மட்டும் தொங்கும். அதைப் பிழை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழாயைச் சுவர் மூடுவதற்கு முன் யார் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்பதில்தான் உங்களுடைய அடுத்த 30 வருடம் இருக்கிறது. இயந்திரத்தை ஒரு மணி நேரத்தில் மாற்றலாம். குழாயை மாற்றச் சுவரை உடைக்க வேண்டும்.

சுவர் திறந்திருக்கும்போது வீட்டைப் பார்க்க சில பில்டர்கள் அனுமதிப்பார்கள். கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும். போகும்போது கையில் 30 அடி நீளத்துக்கு ஒரு கயிறு கொண்டுபோங்கள். சுவர்வாய் வரப்போகும் இடத்தில் ஒரு நுனியை உங்கள் வீட்டுக்காரரோ மனைவியோ பிடிக்கட்டும். மறு நுனியோடு நீங்கள் நடவுங்கள். நேராக நடக்காதீர்கள். கட்டில் எங்கே வரும், சோபா எங்கே வரும், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று மனதில் வைத்து, அதைச் சுற்றிக்கொண்டு நடவுங்கள். கடைசி அறையின் கடைசி மூலைக்குக் கயிறு போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த வாய் இருக்கும் இடம் பிழை. ஒரு வாய்க்கு இத்தனை சதுர அடி என்று தாளில் ஒரு கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்குக்குச் சுவர் தெரியாது, கயிற்றுக்குத் தெரியும். பிராம்ப்டனில் நான் பார்த்த ஒரு வீட்டில் மேல்மாடி வாயைப் பெரிய படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். கதவைச் சாத்தினால்தான் ஹோஸைச் செருகலாம். செருகினால் வெளியே போக முடியாது. அந்த வீட்டு அம்மா மூன்று வருடமாக மேல்மாடிக்கு மட்டும் தும்புத்தடி பாவித்தார்.

படிக்கட்டுக்கு அருகில் ஒரு வாய் அவசியம். காப்பெட் போட்ட படியில்தான் தூசி அதிகம் மிதிபடும். கராஜில் ஒரு வாய் கேளுங்கள், காருக்கு உதவும். குசினியில் கீழ் அலுமாரியின் அடியில் ஒரு சிறிய வாய் வைக்கலாம், காலால் தட்டினால் திறக்கும். தும்புத்தடியால் குப்பையை அதன் பக்கம் தள்ளிவிட்டால் போதும். நான் போட்ட வீடுகளில் மிக அதிகமாகப் பாவிக்கப்படுவது அதுதான். ஆனால் உலர்ந்த குப்பைக்கு மட்டும். தேங்காய்ப்பூவும் ஈரப் புட்டும் குழாய்க்குள் போகக் கூடாது.

ஹோஸையே சுவருக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும் முறையும் உண்டு. வயது போனவர்களுக்கு அது பெரிய உதவி, 30 அடி ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு திரியத் தேவையில்லை. ஆனால் அதற்கு அகலமான சிறப்பு வளைவுகள் வேண்டும். சுவர் மூடுவதற்கு முன்னரே முடிவெடுக்க வேண்டிய விடயம் அது.

இனிக் குழாயைப் பார்ப்போம். இதைக் கொஞ்சம் பொறுமையோடு கேளுங்கள்.

வக்யூம் குழாயின் வெளிவிட்டம் இரண்டு அங்குலம். தண்ணீர் போகும் இரண்டு அங்குலக் குழாய் வேறு, அதன் வெளிவிட்டம் இதைவிடப் பெரிது, பொருத்துகள் ஒன்றுக்கொன்று சேரா. மலிவு என்று அதை வாங்கிக்கொண்டு வந்து பூட்ட முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். வளைவுகள் நீளமாக, மெதுவாகத் திரும்ப வேண்டும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் குறுகலான வளைவு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அது சுவர்வாய்க்கு நேர் பின்னால். குச்சியோ பென்சிலோ உள்ளே போனால் அங்கேயே சிக்கிவிடும், உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் சிக்கும். அந்த முதல் வளைவைத் தாண்டிய எதுவும் மற்ற எல்லா வளைவுகளையும் தாண்டிவிடும். பிறகு நடுச்சுவரில் யாராவது இன்னொரு குறுகிய வளைவை வைத்தால் இந்த ஏற்பாடு முழுக்க வீண்.

கிளைக் குழாய் பிரதான குழாயோடு சேரும் இடத்தில், காற்று ஓடும் திசைக்குச் சாய்ந்தபடி சேர வேண்டும். வாய்க்கால் ஆற்றோடு சேருவது போல. வெட்டிய நுனியின் பிசிறுகளைக் கத்தியால் சீவ வேண்டும். பசையை உள்ளே போகும் குழாயின் வெளிப்புறத்தில்தான் பூச வேண்டும். மற்றதன் உட்புறத்தில் பூசினால், தள்ளும்போது பசை முன்னால் ஒதுங்கி உள்ளே வரம்பு கட்டும். நான் காட்டிய பல் அப்படி முளைத்ததுதான். குழாய் மரச்சட்டத்துக்குள்ளால் போகும் இடங்களில் இரும்புத் தகடு அடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ட்ரைவோல் அடிப்பவரின் திருகாணி குழாய்க்குள் புகுந்துவிடும். அது காற்றுக் கசிவு மட்டும் இல்லை, திருகாணியின் கூர் உள்ளே நின்று மயிரைப் பிடிக்கும்.

திறந்த சுவர்களை எல்லாம் படம் எடுத்து வையுங்கள். ஓர் அளவுநாடாவைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எடுங்கள். பத்து வருடம் கழித்து ஒரு படம் மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படங்களின் அருமை தெரியும்.

சுவரை மூடிவிட்டார்கள், வீட்டை ஒப்படைக்கும் முன் பார்க்கும் நாள் வந்துவிட்டது என்றால், அன்றைக்கு ஒரு சாதாரண ஷாப் வக்யூமைக் கொண்டுபோங்கள். பேஸ்மென்டில் தொங்கும் குழாய் நுனியில் அதை இறுக்கிப் பிடித்து ஓட விடுங்கள். ஒருவர் ஒவ்வொரு சுவர்வாயாகப் போய் மூடியைத் திறந்து ஒரு டிஷ்யூத் தாளைக் காட்டட்டும். தாள் ஒட்டிக்கொண்டால் குழாய் திறந்திருக்கிறது. ஒட்டாவிட்டால் அங்கேயே ஒப்படைப்புத் தாளில் எழுதுவியுங்கள். அன்று எழுதியதைத்தான் பிறகு கேட்க முடியும்.

இப்போது இயந்திரம்.

பெட்டியில் குதிரைவலு எழுதியிருந்தால் அதைப் பார்க்காதீர்கள். அது மோட்டார் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதற்கு நெருங்கிய எண், எவ்வளவு தூசி இழுக்கும் என்பதற்கு இல்லை. பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவின் நுனியை விரலால் மூடிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். கன்னம் குழியும், உள்ளே ஒன்றும் வராது. அந்த வலு ஒன்று. தண்ணீரை எத்தனை அங்குலம் உயர்த்தும் என்று அதை அளப்பார்கள். விரலை எடுத்துவிட்டு வெறும் காற்றை உறிஞ்சுங்கள். காற்று நிறைய வரும், பாரம் ஒன்றையும் தூக்காது. அது இரண்டாவது. நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று அளப்பார்கள். காப்பெட்டிலிருந்து மணலைப் பெயர்க்க முதலாவது வேண்டும், பெயர்ந்த மணலை 60 அடி குழாயில் கொண்டுபோக இரண்டாவது வேண்டும். ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது பூச்சியத்தில் இருக்கும். வேலை நடப்பது நடுவில்.

அந்த நடு இடத்து வேலையை ஏர் வாட் என்ற எண்ணால் சொல்வார்கள். உயர்வையும் காற்றோட்டத்தையும் பெருக்கி 8.5ஆல் வகுத்தால் வருவது. இங்கேதான் ஏமாற்று நடக்கிறது. சிலர் இரண்டு உச்சங்களையும் எடுத்துப் பெருக்கிவிடுவார்கள். 130 அங்குல உயர்வு, 120 கன அடி காற்று என்று வைத்துக்கொள்வோம். பெருக்கி வகுத்தால் 1,800க்கு மேல் வரும். அந்த இயந்திரம் உண்மையில் கொடுப்பது 500ஐச் சுற்றித்தான். ஆகவே விற்பவரிடம், "இது ஏ.எஸ்.டி.எம். எஃப்558 முறைப்படி அளந்த ஏர் வாட் எண்ணா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவருடைய குரல் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். நாம் வாழும் சாதாரண இரண்டு மாடி வீட்டுக்கு 500 முதல் 650 வரை தாராளம்.

மோட்டாரில் இரண்டு வகை. ஒன்றில், குப்பையை விட்டுவிட்டு வரும் காற்றே மோட்டாரையும் குளிர்விக்கும். மற்றதில், மோட்டாரைக் குளிர்விக்கத் தனி விசிறி இருக்கும், குப்பைக் காற்று அதன் பக்கமே வராது. நீண்ட நாள் ஓட வேண்டும் என்றால் இரண்டாவதை எடுங்கள். பை கிழிந்த அன்றைக்கு முதலாவது வகை மோட்டார் தூசியைத் தின்று சாகும்.

எந்த நிறுவனம் என்று கேட்பீர்கள். கியூபெக்கில் செய்யும் சைக்ளோவாக், ட்ரெயின்வாக் இருக்கின்றன. ஒஹாயோவில் செய்யும் வாக்குஃப்ளோ இருக்கிறது. பீம் பழைய பெயர். மேலே ஒட்டியிருக்கும் பெயர் வேறாக இருந்தாலும் பல இயந்திரங்களுக்குள்ளே அமெட்டெக் லாம்ப் மோட்டார்தான் இருக்கும். அதனால் நான் பெயரைச் சொல்வதைவிட மோட்டாரின் இலக்கத்தைக் கேட்கச் சொல்வேன். அந்த இலக்கம் இருந்தால் பத்து வருடம் கழித்து மோட்டாரை மட்டும் வாங்கிப் போடலாம், முழு இயந்திரத்தையும் எறியத் தேவையில்லை. வட அமெரிக்கா முழுவதும் குழாயின் அளவும் ஒன்று, சுவருக்குள் போகும் 24 வோல்ட் கம்பியும் ஒன்று. எந்த இயந்திரத்தையும் எந்தக் குழாயோடும் சேர்க்கலாம்.

குப்பை சேரும் முறையில் என் தெரிவு பை. சுழற்காற்றால் தூசியைப் பிரிக்கும் வகைக்குப் பை வாங்கும் செலவு இல்லை, உண்மைதான். ஆனால் தொட்டியைக் கொட்டும்போது அத்தனை தூசியும் ஒருமுறை உங்கள் முகத்துக்கு வரும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் எதற்காக இந்த இயந்திரத்தை வாங்கினோம் என்பதை அந்த ஒரு நிமிடம் தோற்கடித்துவிடும். பையைக் கழற்றி அப்படியே கட்டி எறிவது சுத்தம். தொட்டியே வேண்டும் என்பவர்கள் அதை வெளியே கொண்டுபோய், மூக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு பைக்குள் வைத்துக் கவிழ்க்கட்டும். மூச்சுத் தொல்லை உள்ளவர் அந்த வேலையைச் செய்யக் கூடாது.

இயந்திரத்தை எங்கே மாட்டுவது? கராஜில் மாட்டினால் சத்தம் வீட்டுக்கு வராது, கொட்டுவதும் எளிது. ஆனால் கராஜ் சுவரில் குழாய் போகும் ஓட்டையை முழுக்க அடைக்க வேண்டும். அந்தச் சுவர் காரின் புகையை வீட்டுக்குள் விடாமல் தடுக்கும் சுவர். பேஸ்மென்டில் மாட்டினால் இன்னொரு பிரச்சினை, நம்மவர்களுக்கே உரியது. அங்கே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கும். நீங்கள் ஞாயிறு காலையில் மேலே வக்யூம் பிடிப்பீர்கள், இரவு வேலை செய்துவிட்டு வந்து கீழே படுத்திருக்கும் மனிதரின் தலைமாட்டில் மோட்டார் கத்தும். குப்பையைக் கொட்டவும் அவர்களுடைய கதவைத் தட்ட வேண்டும். பேஸ்மென்டை வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் இயந்திரம் கராஜுக்குப் போகட்டும். இரண்டு குடியிருப்புகளைப் பிரிக்கும் தீத்தடுப்புக் கூரைக்குள்ளால் பிளாஸ்டிக் குழாய் போனால், அந்த இடத்தில் தீயை மறிக்கும் வளையம் போட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பிளாஸ்டிக் உருகினால் அந்த ஓட்டை வழியாக நெருப்பு மேலே ஏறும்.

இயந்திரத்திலிருந்து வரும் காற்றை வெளியே விடுவதே நல்லது. மிக நுண்ணிய தூசி எந்த வடிகட்டியையும் கொஞ்சம் தாண்டும், அது வெளியே போகட்டும். சிலர் அந்தக் குழாயைச் சுவர் இடுக்கிலோ கூரைக்குக் கீழோ விட்டுவிடுகிறார்கள். அது கூடவே கூடாது. இன்னொன்றையும் சொல்கிறேன். வெளியே தள்ளும் காற்று முழுவதும் உங்கள் வீட்டுக் காற்று. பழைய வகைக் காஸ் தண்ணீர்ச் சூடாக்கி, புகை தானாகவே புகைபோக்கியால் மேலேறும் வகை, பேஸ்மென்டில் இருந்தால், வக்யூம் ஓடும்போது புகை திரும்பி உள்ளே வராமல் இருக்கிறதா என்று ஒருமுறை ஆளை வைத்துப் பாருங்கள். கார்பன் மொனொக்சைட் அலாரம் ஒன்ராறியோவில் இப்படியான வீடுகளுக்குச் சட்டப்படியே வேண்டும். அதன் பற்றரி உயிரோடு இருக்கட்டும்.

மின்சாரத்துக்குத் தனி இணைப்புக் கொடுங்கள். 15 அம்பியர் பிரேக்கரில் இயந்திரத்தோடு குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்தால் பிரேக்கர் விழும்.

பராமரிப்புக்கு வருகிறேன். எதை இழுக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். முதலாவது, சாம்பிராணிச் சாம்பல். சாமியறையில் சிந்தியதை வக்யூமால் எடுக்கிறார்கள். கரித்துண்டின் உள்ளே நெருப்பு மணிக்கணக்காக இருக்கும், வெளியே சாம்பல் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. குழாயில் போகும் காற்று அதை ஊதி ஊதிக் கீழே தூசி நிறைந்த பைக்குள் கொண்டுபோய்ப் போடும். ஆளில்லாத கராஜில், கடதாசிப் பைக்குள், நெருப்பு. இதைவிட விளக்கத் தேவையில்லை. இரண்டாவது, ட்ரைவோல் தேய்த்த வெள்ளைத் தூள். பேஸ்மென்ட் கட்டுபவர்கள் வேலை முடிந்ததும் வீட்டு வக்யூமால் கூட்டிவிட்டுப் போவார்கள். அந்தத் தூள் வடிகட்டியின் துளைகளை அடைத்து மோட்டாரைச் சூடாக்கிக் கொல்லும். வேலை தொடங்கும் முன் ஹோஸை எடுத்துப் பூட்டி வையுங்கள். திருநீறும் அரிசி மாவும் அதே குணமுள்ளவை. கொஞ்சம் சிந்தினால் ஈரத்துணியால் துடையுங்கள். தண்ணீரைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

நம் வீட்டுப் பெண்களின் நீளமான கூந்தல், காப்பெட்டுக்குப் பூட்டும் மின்சார பிரஷ்ஷான பவர் ஹெட்டின் உருளையில் சுற்றும். மாதம் ஒருமுறை ப்ளக்கைக் கழற்றி, தலைகீழாகப் புரட்டி, கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி எடுங்கள். விட்டால் மயிர் இரு முனைகளிலும் உள்ள பெயரிங்கில் இறுகும், வார் அறும்.

பையை முக்கால்வாசி நிறைந்ததும் மாற்றுங்கள். அது வருடத்துக்கு இரண்டு மூன்று முறை வரும். புது வீடு என்றால் முதல் வருடம் இன்னும் அடிக்கடி, கட்டட வேலைத் தூசி காப்பெட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கும். வெளியே காற்று போகும் வாயை வசந்தத்தில் ஒருமுறையும் பனி விழுந்த பிறகு ஒருமுறையும் பாருங்கள். குளவி கூடு கட்டும், பனி மூடும்.

இழுவை குறைந்தால் உடனே கடைக்கு அழைக்காதீர்கள். முதலில் கீழே போய் இயந்திரத்தின் வாயில் கையை வையுங்கள். அங்கே பலமாக இழுத்தால் மோட்டாரில் பிழை இல்லை. அடுத்து ஹோஸ் இல்லாமல் ஒவ்வொரு சுவர்வாயாகப் பாருங்கள். வாயின் உள்ளே இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் இருக்கும். ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி அவை இரண்டையும் தொட்டால் மோட்டார் ஓடும். 24 வோல்ட்தான், அடிக்காது. ஆனால் சில வாய்களில் பவர் ஹெட்டுக்கான 120 வோல்ட் துவாரங்களும் பக்கத்தில் இருக்கும், அவற்றின் கிட்டவும் போகாதீர்கள். எது எது என்று ஐயமிருந்தால் விட்டுவிடுங்கள். எல்லா வாயிலும் இழுவை இருந்து, ஹோஸைச் செருகியதும் இல்லை என்றால் அடைப்பு ஹோஸில். ஒரு வாயில் மட்டும் இல்லை என்றால் அதன் பின்னால் உள்ள வளைவில். ஷாப் வக்யூமை அந்த வாயில் வைத்து இழுத்தால் போன வழியே பெரும்பாலும் திரும்பி வரும். கம்பி விடாதீர்கள். குழாய் மெல்லியது, ஓட்டை விழும்.

நான் பழுது பார்க்கப் போன ஒரு வீட்டில், வேறொரு கடைக்காரர் வந்து, மோட்டார் போய்விட்டது என்று புது இயந்திரத்துக்கு விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு அம்மா. ஹோஸின் கைப்பிடி வளைவில் ஒரு முந்திரிகை வற்றல் பெட்டியின் மூடி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் கேட்டது, "தம்பி, இதை நானே பார்த்திருக்கலாமோ?" என்று. பார்த்திருக்கலாம். அதற்காகத்தான் இன்றைக்கு இவ்வளவும் சொல்கிறேன்.

பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. சுவரில் மாட்டிய இயந்திரம் வீட்டோடு வரும், ஹோஸும் பிரஷ்களும் வராமல் போகலாம். ஒப்பந்தத்தில் "சென்ட்ரல் வக்யூமும் அதன் இணைப்புகளும்" என்று எழுதச் சொல்லுங்கள். வீட்டைப் பரிசோதிக்க வருபவர் பெரும்பாலும் இதைத் தொட்டுப் பார்ப்பதில்லை. நீங்களே ஓடவிட்டுப் பாருங்கள்.

கொண்டோவில் இருப்பவர்களுக்கும் ஒரே மாடியில் சிறிய வீடு வைத்திருப்பவர்களுக்கும் இது தேவையில்லை என்று நான் நேராகவே சொல்லிவிடுவேன். நல்ல கைவக்யூம் ஒன்று போதும்.

மற்றவர்கள் இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். கராஜுக்கோ பேஸ்மென்டுக்கோ போய் இயந்திரத்தைத் திறந்து பாருங்கள். பை நிறைந்திருந்தால் மாற்றுங்கள். மாற்றிய திகதியை ஒரு துண்டில் எழுதி இயந்திரத்தின் மேல் ஒட்டி வையுங்கள். பிளந்த குழாயை வாசலில் உள்ள மேசையில் வைக்கிறேன், போகும்போது கையில் எடுத்துப் பாருங்கள்.